இரண்டு விரல் உயரம்

மகள் சிகுசாவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போகும்போது வண்டி மிடுக்காக இருக்க வேண்டும் என்பது குராமொச்சியின் பிடிவாதம். பனி கொட்டும் ஜப்பானிய நகரமான அசாஹிகாவாவில் நாற்பது குளிர்காலம் வண்டி ஓட்டியவர். இன்றுவரை அவர் குடும்பத்து வண்டியை ஒருவரும் கயிறு கட்டி இழுத்ததில்லை.

வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷனைப் பட்டறைக்காரர் பெஷ்ஷோதான் சொன்னார். "ரோட்டுல போடுற உப்பு எல்லாத்தையும் அரிச்சிடும். துருப்பிடிக்காததா எடுங்க ஐயா. பனி போற வரைக்கும் ரெண்டு விரல் தூக்கியே வைங்க."

"தூக்கினா வாத்து மாதிரி நிக்கும். சம்பந்தி வாசல்ல வாத்தையா கொண்டுபோய் நிறுத்துவேன்?"

"வாத்து நடந்துடும். ஆமை நகராதுங்க."

வயிறு பனிமேட்டில் ஏறிச் சக்கரம் வெறுமனே சுற்றும் வண்டிக்கு அங்கே ஆமை என்று பெயர். குராமொச்சி காதில் வாங்கவில்லை. பெஷ்ஷோ அதைப் பொருத்தி வண்டியைத் தாழ்த்திக் கொடுத்தார். உயரம் மாற்றும் வளையத்துக்கான ஸ்பேனரை மட்டும் டிக்கியில் வைத்தார்.

புத்தாண்டுக் காலை, சம்பந்தி அன்சாயின் வீட்டுச் சந்தில், இரு சக்கரத் தடங்களுக்கு நடுவே உறைந்திருந்த மேட்டில் வண்டி குந்திவிட்டது. வாசல் இருபது அடி தூரம். ஜன்னலில் சிகுசாவின் முகம்.

அன்சாய் தோளில் கயிற்றோடு வந்தார். "என்ன சம்பந்தி, வருஷம் பிறந்ததும் ஆமையாயிட்டீங்க?"

குராமொச்சியின் முதுகு நிமிர்ந்தது. "கயிறு வேணாம். மண்வெட்டியும் ஒரு பலகையும் இருந்தாக் குடுங்க."

வண்டிக்கு அடியிலிருந்த பனியை வெட்டினார். பலகைமேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, புதுக் கோட்டோடு பனியில் மல்லாந்து, டிக்கியிலிருந்த ஸ்பேனரால் வளையத்தைத் திருகினார். விரல்கள் மரத்துப்போயின. ஒரு சக்கரம் முடிந்ததும் அன்சாய் கயிற்றைக் கீழே போட்டார்.

"கொஞ்சம் நகருங்க, அடுத்ததை நான் பார்க்கிறேன்."

"உங்க கோட்டு?"

"உங்களோடது மட்டும் நனையலாமா?"

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வண்டி இரண்டு விரல் உயர்ந்து, தானே உருண்டு வாசலில் வந்து நின்றது. வாத்துதான்.

சொட்டச் சொட்ட நடையில் நின்று குராமொச்சி குனிந்து வணங்கினார். "தாமதமாயிடுச்சு. வண்டி மேல தப்பில்ல. பட்டறையில தூக்கி வைங்கன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல."

சிகுசா துண்டை நீட்டினாள். அன்சாய் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, சூப்பு ஆறுகிறது என்று உள்ளே அழைத்தார்.