கொஞ்சம் கொறைங்க

"இதா, அதா?" என்று கேட்டுவிட்டு அவள் மௌஸை அழுத்தினாள்.

மடிக்கணினியோடு இணைத்திருந்த ஸ்பீக்கரில் கிட்டார் அலறியது. கட்டிலில் கிடந்த கணவர் கண்ணைத் திறக்காமலே உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுமில்ல."

நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். வருகிறவர்களின் கண்ணுக்கு முன் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே காலம் தள்ளியவர். ரெண்டுமில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால் பல்லைக் கடிப்பார். இன்று பல்லைக் கடிக்கும் முறை அவளுக்கு.

ஆனால் கடிக்கவில்லை. காலையில் வந்த நர்ஸ், வாசலில் மகளிடம், "இன்னைக்குத் தாண்டினாப் பெரிசு" என்று சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. சமையலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு இந்த வேலையில் இறங்கியது அதனால்தான்.

விஷயம் நாற்பது நொடி. இருபது வயதில் ஒரு ராக் இசைத்தட்டில் அவர் கேட்ட கிட்டார் அது. வாசித்தவன் பெயர் அவள் வாயில் நுழையாது. அவளுக்கு அவன் சடையன். சுரங்களையெல்லாம் இவர் எப்போதோ பிடித்துவிட்டார். சடையனுடைய கிட்டாரின் குரல்தான் பிடிபடவில்லை. அந்தக் குரல் வந்த ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். பிறகு அதே ஆம்ப்ளிஃபயரைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்று வந்தது. திரையில் அதன் படம், படத்தில் திருப்பக் குமிழ்கள். கடையை மூடியதிலிருந்து மனிதர் அதோடுதான் குடித்தனம். அவள் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். இதுதான் அந்தக் குரல் என்று தோன்றும்போதெல்லாம் 'கடைசி' என்று பெயர் கொடுத்துச் சேமிப்பார். மறுநாள் காலையில் பிடிக்காமல் போகும். பட்டியல் இப்போது 'கடைசி 46'இல் நின்றது.

இதில் அவளுடைய பங்கு கல்யாணமான நாளிலிருந்து ஒரே சொல்தான். அடுப்படிக் கதவைப் படாரென்று சாத்துவதற்கு முன் சொல்வாள்: "கொறைங்க!"

விரல்கள் மக்கர் செய்யத் தொடங்கிய மாதத்தில், அந்த நாற்பது நொடியை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வெறும் கம்பிச் சத்தமாக வாசித்துப் பதிந்துவைத்திருந்தார். அதை எந்தக் குமிழ் வழியாகவும் அனுப்பிக் கேட்கலாம். திருப்ப ஒரு கைதான் வேண்டும்.

"கெயின் எட்டுல இருக்கா? ஒம்பதாக்கு," என்றார்.

கெயின் என்றால் கரகரப்பு. அந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும். மேசையில் தடவிக் கிடைத்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குமிழை இழுத்தாள். மௌஸ் எங்கேயோ வழுக்கியது. எண் இன்னும் எட்டாகவே தெரிந்தது. போட்டுப் பார்த்தாள், பாட்டு பூனைக்குட்டி மாதிரி முனகியது. சத்தம் போதவில்லை என்று பக்கத்திலிருந்த வால்யூம் குமிழை முழுக்க ஏற்றிவிட்டு மறுபடி போட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

கரகரப்பு விலகி, ஒவ்வொரு சுரமும் தனியாக நின்றது. லேசாகத் தொண்டை கம்மிய ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"என்ன பண்ணின?"

"நீங்க சொன்னதத்தான் பண்ணேன்."

"கெயின் எவ்வளவு?"

"எட்டு."

"மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டு. அது என்னோடது."

கழற்றிவிட்டுத் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். எட்டில்லை, மூன்று.

"ஐயய்யோ, கொறைச்சுட்டேங்க. இருங்க, பழையபடி வைக்கிறேன்."

"கைய எடு!"

ஒரு வாரமாக அவரிடமிருந்து இவ்வளவு குரல் எழும்பியதில்லை. பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலானது, அவள் நெஞ்சை நீவிவிட்டாள்.

"நாப்பது வருஷமா நீ இதத்தானே சொன்ன. கொறைங்க, கொறைங்கன்னு."

"நான் சத்தத்தச் சொன்னேன்."

"அதான். நீ கத்துவேன்னு சத்தத்தக் கொறைச்சிட்டு, கெயின ஏத்திக்கிட்டே போனேன். தலைகீழாப் பண்ணியிருக்கேன்."

"அப்ப தப்பு என்மேலயா?"

"பாதி," என்றார். "இன்னொரு தரம் போடு."

போட்டாள். மறுபடி போட்டாள். போர்வைமேல் அவருடைய ஆள்காட்டி விரல் தாளம் போட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நேரத்தில் இப்படியொரு சந்தோஷமா என்று கூச்சமாகவும் இருந்தது. ஐந்தாவது தடவை பாட்டு முடிவதற்குள் விரல் நின்றிருந்தது. அவள் ஆறாவது தடவையும் போட்டு, முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாள்.

மறுநாள், எல்லாம் முடிந்து வந்தவர்களும் போனபின், மகள் அறையை ஒதுக்கினாள். கட்டில் காலியாக இருந்தது. அவளோ அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடவா? சேமிக்கணுமா வேணாமான்னு கேக்குது. வேணாம்னு குடுத்துடட்டுமா?"

"தொடாதே!"

ஈரக் கையோடு ஓடிவந்தாள். முந்தானையில் கையைத் துடைத்து, தன்னுடைய கண்ணாடிதானா என்று பார்த்து மாட்டிக்கொண்டாள். 'கடைசி 46'க்குக் கீழே, பெயருக்கான கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"நாப்பத்தேழுன்னு போடவாம்மா?"

"வேணாம்."

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள்: கொறைங்க. சேமித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"அதப் போட்டு விடு," என்றாள் போகிறபோக்கில்.

மகள் வழக்கப்படி சத்தத்தை இறக்கி வைத்துப் போட்டாள்.

"கூட்டுடி," என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

அலமாரியில் தட்டுகள் லேசாக அதிர்ந்தன. கதவு திறந்தே இருந்தது.