நாலு வரி எழுதிக் குடும்மா

மேலாளருக்கு எழுத வராது. இதை முகத்துக்கு நேராகச் சொன்னாலும் மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபீஸுக்குள் அவரே அடிக்கடி சொல்வதுதான்: "எனக்கு வாய் இருக்கும்மா, கை இல்ல." அப்படிப்பட்டவர் லிங்க்ட்இன் என்கிற இணையதளத்தில் வாரம் தவறாமல் எழுதினார், ஆயிரக்கணக்கானவர்கள் படித்தார்கள், யார் யாரோ மேடை போட்டுக் கூப்பிட்டார்கள் என்றால், எழுதிய கை யாருடையது என்று கேட்க வேண்டுமா இல்லையா? ஒருவரும் கேட்கவில்லை.

கை சின்னவளுடையது. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை. அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஆர்டர் பிரிவில் வேலை. பெட்டி வேண்டும் என்பவர்களிடம் அளவு கேட்பது, அச்சடிக்கும் முன் மாதிரித் தாளைச் சரிபார்ப்பது, லோடு கிளம்பும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ஏம்மா, எல்லாரும் அதுல எழுதறாங்க. நாம எழுதலன்னா நாம இருக்கோமா இல்லையான்னே தெரியாது. நாலு வரி எழுதிக் குடேன், என் பேர்ல போட்டுக்கறேன்" என்று ஒருநாள் மேலாளர் வந்து நின்றார். நாலு வரிதானே என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். அட்டை விலை ஏறுவதைப் பற்றியும் பசை காயாத பெட்டியைப் பற்றியும் எத்தனை நாள் எழுதுவது? சரக்கு தீர்ந்துபோனது. "கொஞ்சம் உருக்கமா ஏதாவது போடும்மா, நம்ம வாழ்க்கையில நடந்த மாதிரி" என்றார் அவர். 'நம்ம' என்று அவர் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். தனக்கு நடந்ததை எடுத்து, 'நான்' என்று ஆரம்பித்து, அவர் பேரில் எழுதினாள்.

அதுதான் அம்புக் கதை.

கண்ணாடி பாட்டில் கம்பெனி ஒன்றுக்காகப் பெட்டி அச்சடித்தார்கள். 'இந்தப் பக்கம் மேலே' என்று நான்கு பக்கமும் அம்புக்குறி வர வேண்டும். மாதிரித் தாளை மேசையில் விரித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டாள் சின்னவள். தாளை மடித்துப் பெட்டியாக்கிப் பார்க்கவில்லை. அச்சாகி, லோடு போய் இறங்கி, அங்கே பெட்டியை மடித்தால் இரண்டு பக்கம் அம்பு மேலே பார்க்கிறது, இரண்டு பக்கம் கீழே பார்க்கிறது. பாட்டில்காரர்கள் போனில் கத்தித் தீர்த்தார்கள். அச்சகத்துக்காரன் தலையில் போட்டுத் தப்பித்திருக்கலாம். போடவில்லை. "தப்பு என்னோடது. பெட்டிய திருப்பி அனுப்பாதீங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, சரியான அம்பு போட்ட ஒட்டுத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடோனுக்கே போனாள். பாட்டில் அடுக்கும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, விரல் நுனி தோலுரியும்வரை ஒட்டினாள். அந்தக் கம்பெனி இன்றைக்கும் இவர்களிடம்தான் பெட்டி வாங்குகிறது.

மேலாளர் பேரில் இது வெளியானதும் பற்றிக்கொண்டது. 'தப்பை ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும் ஐயா', 'உங்களைப் போல ஒரு மேலதிகாரி எனக்கு வாய்க்கவில்லையே' என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். சின்னவள் பேருந்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக் கொஞ்சும்போது வருமே ஒரு பூரிப்பு, அது வந்தது. பிள்ளை அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

மேலாளருக்கு மேடைகள் வந்தன. போன இடமெல்லாம் அம்புக் கதைதான். சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. குடோனில் மின்சாரம் போனதாம், கைபேசி வெளிச்சத்தில் ஒட்டினாராம், ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாளாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வருஷக் கடைசியில் அவரை மண்டல மேலாளர் ஆக்கி, அதே ஆபீஸில் தனி அறை கொடுத்தார் முதலாளி.

அவர் விட்ட நாற்காலி சின்னவளுக்குத்தான் என்று காவலாளி முதற்கொண்டு எல்லோரும் நினைத்தார்கள். வெளியிலிருந்து ஒருத்தனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஏன் என்று கேட்கப் போனவளை மேலாளர் உட்காரச் சொன்னார். நிஜமான வருத்தத்தோடுதான் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் உனக்காகப் பேசினேம்மா. முதலாளிதான் கேக்கல. உனக்கு வெளியில ஒரு முகம் இல்லயாம். நெட்டுல தேடிப் பாத்தா நீ கிடைக்கவே மாட்டேங்கறியாம்."

இதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை உண்டா? சின்னவள் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்காவின் அழகு நிலையத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பெரியவள் ஒரு தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு மூளை எங்கடி போச்சு? உனக்கு நடந்ததெல்லாம் அந்தாளு வாயில ஊட்டி விட்டுட்டு, இப்ப எனக்குப் பசிக்குதுன்னு வந்து நிக்கற."

"திட்டாதக்கா."

"திட்டாம? கொஞ்சுவாங்களா? குடு போன."

சாயக் கையைத் துடைத்துக்கொண்டு பெரியவளே தங்கைக்கு லிங்க்ட்இனில் ஒரு கணக்கு ஆரம்பித்தாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தில், பக்கத்தில் நின்ற மாமாவின் தோளை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னவளின் முகத்தை மட்டும் ஏற்றினாள். அதே தளத்தில் ஒரு வேலை இருந்தது. பாட்டில் மூடி செய்கிற பெரிய கம்பெனி. வாடிக்கையாளர் பிரிவுக்குத் தலைமை. அவள் இங்கே பேரில்லாமல் பார்க்கும் வேலை, அங்கே பேரோடு. விண்ணப்பம் போட்ட கையோடு சின்னவள் மேலாளரிடமும் சொல்லிவிட்டாள். "போம்மா, நல்லா இரு. அவங்க கேட்டா நான் நல்லபடியா சொல்றேன்" என்றார் மனிதர்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஆட்களை எடுக்கும் பிரிவின் இயக்குநர், கண்ணாடி போட்ட அம்மாள். இப்போது பார்க்கும் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். கோபக்கார வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பாய் என்றார்கள், சொன்னாள். இரண்டு பக்கத்திலும் தலை ஆடியது. வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"நீங்க பண்ணின பெரிய தப்பு ஒண்ணச் சொல்லுங்க. அதுலருந்து எப்படி வெளியில வந்தீங்க?"

யோசித்திருக்க வேண்டும். யோசிக்க என்ன இருக்கிறது, அவள் வாழ்க்கையில் பண்ணிய பெரிய தப்பு அது ஒன்றுதான். மாதிரித் தாளை மடிக்காமல் கையெழுத்துப் போட்டதில் ஆரம்பித்தாள். குடோன் தரையில் உட்கார்ந்த இடம் வரும்போது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது உங்க மேலாளர் கதை இல்ல?" என்றார் அம்மாள். "போன மாசம் இங்க வந்து பேசினாரே."

"எனக்கு நடந்தது மேடம். அவருக்காக நான்தான் எழுதிக் குடுத்தேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு பொய்யாகக் காதில் விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் இருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள். "சரி, பாக்கறோம்" என்றார் அம்மாள், மிகவும் மரியாதையாக. மரியாதை அவ்வளவு கூடியதும் வேலை கைநழுவிவிட்டது என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாளே போன் செய்தார்.

"உங்க மேலாளர்கிட்ட பேசினேன். நீங்க சொன்னத அவர்கிட்ட சொல்லல, உங்க மானம் போகக் கூடாதுன்னு. அம்புக் கதைய மட்டும் மறுபடி கேட்டேன். மனுஷன் குரல் தழுதழுக்கச் சொல்றார். அது பொய் சொல்ற குரல் இல்லம்மா."

"மேடம்..."

"இருங்க. நீங்க ரொம்ப நல்லா எழுதுவீங்கன்னும் சொன்னார். அந்தத் தலைமை வேலை உங்களுக்குத் தர முடியாது, நேர்காணல்ல உண்மை பேசலன்னா அது கஷ்டம். ஆனா எங்க நிர்வாக இயக்குநருக்கு எழுதித் தர ஒரு ஆள் வேணும். அவர் பேர்ல, வாரா வாரம். சம்பளம் நீங்க கேட்டதவிட அதிகமாவே தரலாம்."

சின்னவள் சிரித்துவிட்டாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் வருகிற சிரிப்பு அது. "வேணாம் மேடம். ஒரு ஆளுக்கு எழுதினதே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து, தன் பேரில் இருந்த காலிப் பக்கத்தைத் திறந்தாள். எதை எழுதுவது? முதல் நாள் வேலைக்கு வந்து வழி தெரியாமல் சரக்கு லிஃப்டில் ஏறியது மேலாளர் பேரில் போய்விட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் கட்டிலோரம் உட்கார்ந்து ஆர்டர் எடுத்தது போய்விட்டது. எதைத் தொட்டாலும் 'இது அவரோடது ஆச்சே' என்பார்கள். அப்பாவைக்கூட அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளிடம் மிச்சம் இருந்தது இந்த வாரம் நடந்தது ஒன்றுதான். அதை எழுதினாள். அம்பு, குடோன், கம்பெனிப் பேர், ஆள் பேர் ஒன்றும் இல்லை.

'இந்த வாரம் ஒரு நேர்காணலில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். அது வேறொருவருக்கு நடந்ததாக அவர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அவருக்கு அதை எழுதிக் கொடுத்தவள் நான்தான். அவர் திருடவில்லை, நானாகக் கொடுத்தேன். இனி என்னுடையதை நான் எழுதுகிறேன்.'

அவ்வளவுதான். போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வந்து விழுந்த முதல் விருப்பக்குறி யாருடையது என்கிறீர்கள்? மேலாளருடையதேதான். கீழே ஒரு வரி வேறு: 'மனதைத் தொட்டுவிட்டது!'

மறுநாள் காலை நேராக அவள் மேசைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா இப்படி எழுதிட்ட, ராத்திரி பூரா மனசே சரியில்ல. யாரும்மா அந்த ஆளு? இப்படியும் இருக்காங்களா! அடுத்த கூட்டத்துல இதப் பத்தித்தான் பேசப் போறேன். எனக்கே நடந்த மாதிரி மாத்தி நாலு வரி எழுதிக் குடேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். நடிப்பு துளிகூட இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும், ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அந்த ஆளு நீங்கதான் சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நானா? நான் எதும்மா..."

"அம்புக் கதை."

"அது எனக்கு நடந்ததும்மா! நான்தானே அந்தக் குடோன்ல உக்காந்து..."

"நீங்க அந்த வாரம் லீவு சார். உங்க மச்சான் கல்யாணம். குடோன்லருந்து நான் போன் பண்ணினேன். பின்னால ஒரே பாட்டுச் சத்தம். 'என்னம்மா, முடிஞ்சுதா, பிரச்சினை இல்லயே'ன்னு கேட்டீங்க. முடிஞ்சுதுன்னேன்."

மேலாளர் யோசித்தார். கண் எங்கேயோ போய்த் தேடியது. கல்யாணம் நினைவுக்கு வந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது. கன்னம் மெல்லத் தொங்கிப்போனது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"மின்சாரம் போச்சேம்மா... ஒரு பொண்ணு தண்ணி குடுத்தாளே..."

"மின்சாரமெல்லாம் போகல சார்."

கைபேசியை எடுத்து அவள் எழுதியதை மறுபடி படித்தார். மூடிக் கம்பெனி அம்மாள் எதற்காக அன்றைக்குத் தனக்குப் போன் செய்து அதையே திருப்பிக் கேட்டார் என்பது இப்போது புரிந்திருக்க வேண்டும். "அந்த வேலை போச்சா, என்னால?" என்றார்.

"போச்சு சார்."

"வெளியில சொல்லிடாதம்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது. வந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே சொல்லுங்க. எழுதி மட்டும் குடுக்க மாட்டேன்."

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. கைபேசியை மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். அவர் நாற்காலிக்கு வந்த புது ஆள் ஏதோ கையெழுத்துக்குப் போனான், கை காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாட்டு வேளைக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேர் நடுவே கைதட்டல் வாங்குகிற மனிதர், நாலு வரிக்கு இந்தப் பாடு பட்டார்.

கடைசியில் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏம்மா, இந்த 'மன்னிச்சிடுங்க'ங்கறத எங்க போடறது? மொதல்லயா, கடைசிலயா?"

இனி அவருக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லித் தருவதில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்லயே போட்டுடுங்க சார்" என்றாள் சின்னவள்.