மன்னிப்புக்குக் காத்திருந்த ஜனாஸா

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. பாலைவனத்து நுவாக்சோட் ஊரின் மணல் விளிம்பில், ஒரு பலகைக் குடிசை வாசலில் நின்றுபோன ஒரு ஜனாஸாவின், சவ ஊர்வலத்தின், கதை சொல்கிறேன்.

உம்மாவின் உடலைச் சுற்றிய கபன் துணிக்கு ஸெய்தா கடைசி முடிச்சைப் போடும்போது வெளியே வண்டி வந்து நின்றது. எட்டிப் பார்த்தாள். அவர்களை அடிமைகளாக வைத்திருந்த எஜமானின் மகன் ஹம்மாதி. எப்படியோ அவன் காதுக்குச் சாவுச் செய்தி எட்டியிருக்கிறது.

நான்கு வருடம் முன்பு, எஜமானின் ஆடுகளை மேய்ச்சலில் விட்டபடியே தாயும் மகளும் ஓடிவந்தார்கள். அக்கா மஹ்ஜூபா எஜமானியின் கூடாரத்துக்குள் இருந்தாள், கூப்பிட வழியில்லை. அவளை மீட்க, அடிமை ஒழிப்புச் சங்கத்து யஹ்தி எஜமான்மேல் ஒரு புகார் எழுதி வைத்திருந்தான். உம்மா அதில் கைநாட்டு வைக்கவே இல்லை. எஜமான் வீட்டார் மன்னிக்காமல் அடிமை செத்தால் சொர்க்கம் கிடையாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். விடியலில் மூச்சு இழுத்தபோதும் அதே பேச்சு: "மன்னிச்சாங்களா? கேட்டியா?"

ஆண்கள் உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கக் குனிந்தார்கள். வழக்கப்படி இமாம் கேட்டார்: "மையத்தாப் போன இந்தம்மா மேல யாருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தா இப்பவே மன்னிச்சிருங்க."

"எனக்கு இருக்கு," என்றான் ஹம்மாதி. "சொல்லாம ஓடுனா. மன்னிக்கிறேன். எங்க மேல எழுதி வச்சிருக்கீங்களாமே, முதல்ல அந்தப் புகாரைக் கிழிங்க."

"மையத்த வச்சுக்கிட்டா பேரம் பேசுற?" என்றாள் மையத்தைக் குளிப்பாட்டிய பெண். "உன்னை இடுப்புல தூக்கி வளத்தவடா அவ!"

எல்லாக் கண்ணும் ஸெய்தா மேல். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து அவளுக்கு மட்டும் கேட்டது: கேட்டியா? கேட்டியா?

"எங்க ராத்தா மஹ்ஜூபா எப்படி இருக்கா?" என்றாள் ஹம்மாதியிடம்.

"அவளுக்கென்ன? தண்ணி எடுக்கப் போயிருக்கா."

"உம்மா மவுத்தானது தெரியுமா?"

ஹம்மாதி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். "சொல்லல. அழுதுகிட்டு உக்காந்தா வேலை யாரு பாக்குறது?"

ஸெய்தா இமாம் பக்கம் திரும்பினாள். "தூக்குங்க ஹஜ்ரத்."

"புள்ள, அவர் இன்னும் மன்னிக்கலயே..."

"தூக்குங்க."

சந்தூக்கு மணல்மேட்டைத் தாண்டி மறைந்தது. பெண்கள் பின்னால் போகிற வழக்கமில்லை. போகாமல் நின்ற யஹ்தி, புகாரில் உம்மாவின் பெயரை அடித்துவிட்டு ஸெய்தாவின் பெயரை எழுதினான். அவள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். இரண்டாம் தடவைதான் ரேகை சரியாக விழுந்தது.

உள்ளே வந்தாள். உம்மா படுத்திருந்த பாய்க்கு அடியில் மணல் அவள் உடம்பு அளவுக்கே பள்ளமாகிக் கிடந்தது. ஸெய்தா அதை மிதிக்காமல், ஓரமாக உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து பதில் வரட்டும், கண்ணுகளா.