எந்தப் பெயருக்கும் திறக்கும் பெட்டி

புருஷன் எடில்சன் வேலை பார்க்கும் கார்த்தஹேனா துறைமுகத்துப் படகுக் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியில் 'யூரானி' என்ற பெயரைச் சேர்த்துச் சோதித்தாள் மார்லெனி. சிவப்பு வரவில்லை, மஞ்சள் வந்தது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

யூரானி அவள் புருஷனின் பழைய காதலி. "அவ எங்க இருக்கான்னே தெரியாது. இன்னொரு தடவ அவ பேச்ச எடுத்தே, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடில்சன் பஸ் ஏறினான். சண்டாளன், இப்போது ஒரே ஆபீஸில் அவளோடு கடற்காற்று வாங்குகிறான். இவள் மட்டும் கடலே இல்லாத மெதெயினில் பிள்ளையோடு மாரடிக்க வேண்டும்.

மின்னஞ்சல் முகவரிகளைச் சோதிப்பதுதான் மார்லெனியின் பிழைப்பு. வாடிக்கையாளர்களின் விளம்பரம் போய்ச் சேருமா, திரும்பி வருமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் ஆள் உண்டு, சிவப்பு என்றால் இல்லை, மஞ்சள் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள் என்று தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறவள் அவளேதான். அன்றைக்கு அவளுக்குச் சிவப்பு இல்லை என்பதே போதுமாக இருந்தது.

அந்த முகவரிக்கே எழுதினாள். 'வெட்கங்கெட்டவளே, என் புருஷனை விட்டுவிடு' என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் கொட்டி அனுப்பினாள். கடிதம் திரும்பி வரவில்லை. வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கறுப்புக் காப்பியோடு வந்த பக்கத்து மேசை ஃபபியோலா எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சளுக்கா இந்த ஆட்டம் ஆடுறே? செத்துப்போச்சே உன் நாய், அது பேரு என்னடி?"

"கனேலோ."

"அதப் போட்டுப் பாரு."

போட்டாள். அதற்கும் மஞ்சள்தான்.

"நாய்க்கும் அங்க வேல குடுத்திருக்காங்களா? எந்தப் பேருக்கு வந்தாலும் வாங்கிக்கிற கம்பெனிடி அது. எல்லாம் ஒரே பொதுப் பெட்டியில போய் விழும்."

மார்லெனிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. ஞாயிற்றுக்கிழமை போனில் எடில்சன் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஊர் பேர் தெரியாதவர்களுக்கு வந்து பொதுப் பெட்டியில் விழுகிற கடிதத்தையெல்லாம் படித்துப் பிரிக்கும் வேலையைப் போன வாரம் அவன் தலையில் கட்டிவிட்டார்களாம்.

"என்னடி, முகம் ஏன் இப்படி வெளிறிப்போச்சு?"

பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. எடில்சன்தான்.

'அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, மார்லெனி. நானே அவள மறந்து வருஷக்கணக்காச்சு. இன்னிக்கு நீதான் ஞாபகப்படுத்தினே.'

கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அடங்கியிருந்த வயிறு மறுபடி எரியத் தொடங்கியது. திரையின் பக்கத்துச் சன்னலில் யூரானியின் பெயருக்கு எதிரே மஞ்சள் இன்னும் அணையாமல் இருந்தது.