மேசைக்கு அடியில் யாரும் இல்லை

இரண்டு பெண்களுக்கும் ஒரே விதி. அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது.

நோனா இத்தா இருந்தார். கணவர் மௌத்தாகி நாற்பதாம் நாள் நெருங்கியிருந்தது. நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண் யாரும் அவரைப் பார்க்கக்கூடாது.

மருமகள் ஜஸ்லாவுக்கு லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டப் பரீட்சை. இணையத்தில் படித்த பட்டம். கடைசிப் பாடம், தொழிற்சட்டம். லண்டனிலிருந்து கண்காணிப்பாளர் மடிக்கணினியின் கமராவில் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மணித்தியாலம் தனியாக எழுத வேண்டும். வேறு ஆள் தெரிந்தால் பரீட்சை ரத்து.

இருவருக்கும் ஒரே அறை என்பதுதான் பிரச்சினை.

இணைய இணைப்பு அங்கேதான் இருந்தது. மாமா உயிரோடு இருந்தபோது கிரிக்கெட் பார்ப்பதற்காக இழுத்த கம்பி. மற்ற அறைகளில் மாமாவின் நாற்பதாம் நாள் கத்த ஓதலுக்கு வந்த உறவினரும் அவர்களின் பிள்ளைகளும். ஜஸ்லா வேலை செய்யும் தொழிற்சாலையில் எல்லாச் சுவரும் கண்ணாடி. யட்டவத்தையில் அவள் உம்மா வீட்டில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவே மதிலில் ஏற வேண்டும்.

பரீட்சையும் கத்தமும் ஒரே நாள். பரீட்சைத் திகதியைக் குறித்தது லண்டன்.

"ஒரு வழி இருக்கு மாமி," என்றாள் ஜஸ்லா. "அறைக்குள்ளயே பாத்ரூம் ஈக்கிதுதானே."

"கக்கூஸுலயா?"

"போன வருஷம்தான் டைல்ஸ் போட்டது."

"டைல்ஸ் போட்டாலும் கக்கூஸ் கக்கூஸுதான். உள்ளுக்கு ஓதவும் ஏலா. மூணு மணித்தியாலம் என்ன செய்ற?"

"சும்மா இருங்க."

"நாப்பது நாளா அதத்தானே செய்றேன்."

நோனா சுவரைப் பார்த்தார். ஆணியில் மாமாவின் தொப்பி இருந்தது.

போன வருடம் இதே பாடத்தை ஜஸ்லா இதே அறையில் எழுதினாள். பாதியில் மாமா முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு பிளேன்டீயோடு வந்தார். மேசையில் வைத்தார். திரையில் ஒரு வெள்ளைக்காரரைக் கண்டார். வீட்டுக்கு வந்தவரிடம் கேட்பது போலக் கேட்டார்: "தம்பி, நீங்க தேத்தண்ணி குடிச்சீங்களா?"

வெள்ளைக்காரர் பரீட்சையை நிறுத்தினார். இரண்டாவது முறை நடந்தால் பதிவே ரத்து என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது. மாமா அதன் பிறகு அந்த அறைக்குள் தேத்தண்ணி குடிக்கவில்லை.

"அவருட தேத்தண்ணியாலதானே ஒனக்கு இவ்வளவும்," என்றார் நோனா. "சரி. கதிரையப் போடு."

ஜஸ்லா பலாபத்வலயில் ஒரு மசாலாத் தூள் தொழிற்சாலையில் ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணி உதவியாளர். பொது முகாமையாளர் ரஜீவ் தொலைபேசியில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவார். "நாளைக்கு வராதே" என்று ஒரே வசனம். நிறுத்தப்பட்டவர் வழக்குப் போடுவார். வெல்வார். திரும்ப வேலைக்கு வந்து ரஜீவைப் பார்த்து அன்பாகச் சிரிப்பார்.

"சட்டம் தெரிஞ்ச ஆள் ஒண்ணு உள்ளுக்கு இருக்கணும், ஜஸ்லா," என்று ரஜீவ் சொல்லியிருந்தார். "டிகிரியக் கொண்டு வாங்க. ஆளணி மெனேஜர் நீங்கதான்."

அது தேத்தண்ணிக்கு முன். இப்போது கண்டியில் பட்டத்தோடு ஒருவர் காத்திருந்தார்.

"இந்த முறை டிகிரி வரல்லன்னா அவருதான்," என்றார் ரஜீவ். "கோவிச்சுக்காதீங்க."

ஊரில் யாருக்கும் இது விளங்கவில்லை. சட்டம் படித்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். "கறுப்புக் கோட்டு எப்ப?" என்று மீன் கடையிலும் கேட்டார்கள். "கோட்டு இல்ல, கதிரை" என்றாள் ஜஸ்லா. மீன்காரர் அனுதாபப்பட்டார்.

கத்தம் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. பரீட்சை இரண்டரைக்கு. இரண்டரைக்கு முன் சாப்பாடு முடிந்துவிடும் என்றான் நப்லான், ஜஸ்லாவின் கணவன். மாத்தளையில் எந்தக் கத்தச் சாப்பாடும் சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை. இரண்டரை ஆனபோது மண்டபத்தில் பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டு ஒன்றுக்கு ஆறு பேராக ஆண்கள் அப்போதுதான் உட்கார்ந்தார்கள். ஜஸ்லா அறைக் கதவைப் பூட்டினாள். நோனா வெள்ளைச் சேலையோடு குளியலறைக்குள் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்தார்.

திரையில் ஓர் இளைஞன் வந்தான். பெயர் ஸ்டீவன். மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான். சுவர், அலுமாரி, கட்டிலுக்குக் கீழ். ஜஸ்லா காட்டினாள்.

"அந்தக் கதவு?"

"குளியலறை."

"திறந்து காட்டுங்கள்."

பூட்டிக் கிடக்கிறது, திறப்பு இல்லை என்று சொல்லலாம். மூன்று வருடம் சட்டம் படித்தது அதைச் சொல்ல விடவில்லை.

"உள்ளே என் மாமியார் இருக்கிறார்."

ஸ்டீவன் திரைக்கு அருகில் வந்தான்.

"அவர் வெளியே வரட்டும்."

"வந்தால் நீங்கள் பார்ப்பீர்கள்."

"நான் பார்க்கத்தான் வேண்டும்."

"நீங்கள் பார்க்கவே கூடாது. அவர் துக்கத்தில் இருக்கிறார். எங்கள் மார்க்க விதி."

"எங்களுக்கும் விதி இருக்கிறது, மேடம்."

"இருக்கிறது. பதினான்காம் விதி. காதில் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க முஸ்லிம் மாணவிக்குப் பெண் கண்காணிப்பாளர் வர வேண்டும். எனக்கும் ஒருவர் வருவார்தானே?"

"வருவார். காதுக்கு மட்டும்."

"இரண்டு காதுக்கு அந்த உரிமை இருந்தால், முழு ஆளுக்கு இல்லையா?"

ஸ்டீவன் விதியைத் தேடி வாசித்தான். உதடு அசைந்தது. பிறகு திரையிலிருந்து போய்விட்டான்.

"அவன் போயிட்டானா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"போயிட்டான் மாமி. பேசாதீங்க."

"கொசு கடிக்கிது."

மார்கரெட் வந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. ஜஸ்லாவின் காதுகளைப் பார்த்தார். நன்றி சொன்னார். பிறகு குளியலறைக் கதவைத் திறக்கச் சொன்னார்.

ஜஸ்லா கைப்பிடியில் கை வைத்தாள்.

"நில்லு," என்றார் நோனா உள்ளிருந்து. "அந்தப் பக்கத்துல ஆம்புள ஒருத்தரும் இல்லயா? கேளு."

ஜஸ்லா கேட்டாள். யாரும் இல்லை என்றார் மார்கரெட்.

"வாயால செல்றது சரி. நீ செல்லக்குள்ள அவங்க நம்பினாங்களா? சுத்திக் காட்டச் செல்லு."

ஜஸ்லா கண்களை மூடிக்கொண்டாள். ஒரு வருடம், கண்டிக்காரர், மெனேஜர் கதிரை எல்லாம் அந்தக் கைப்பிடியில் இருந்தன. அவள் மொழிபெயர்த்தாள். மிகவும் பணிவாக மொழிபெயர்த்தாள்.

மார்கரெட் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். பதினேழு வருடம் இந்த வேலையில் இருப்பதாகவும், யாரும் இதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். பிறகு தன் கணினியைத் தூக்கினார்.

கதவு கொஞ்சம் திறந்தது. நோனாவின் ஒரு கண் தெரிந்தது. லண்டன் அறை திரையில் சுழன்றது. சுவர், ஜன்னல், ஒரு பூச்சாடி, மழைக்கோட்டு.

"அந்தக் கோட்டு யாருட?"

"அவங்கடதானாம் மாமி."

"மேசைக்கு அடியில?"

மார்கரெட் மேசைக்கு அடியிலும் காட்டினார். ஒரு சோடி சப்பாத்து. உள்ளே கால் இல்லை.

கதவு முழுதாகத் திறந்தது. சிவப்புக் கதிரையில் நோனா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சலாம் செல்லு அவக்கு," என்றார் நோனா. "நல்ல மனுசி."

நல்ல மனுசி தன் அனுதாபத்தைச் சொன்னார். பிறகு, நோனா குளியலறையிலும் இருக்க முடியாது என்றார். பத்து நிமிடம் தருவதாகச் சொன்னார்.

அறைக்கு ஒரே வாசல். வாசலுக்கு வெளியே மண்டபம். மண்டபத்தில் அறுபது ஆண்கள்.

ஜஸ்லா கதவிடுக்கில் நப்லானைக் கூப்பிட்டாள். அவன் கேட்டான். முகம் மாறியது. மண்டபத்தின் நடுவில் போய் நின்றான்.

"எல்லாரும் கொஞ்சம் ரோட்டுக்குப் போங்க. உம்மா குசினிப் பக்கம் போகணும்."

"இப்பவா? இப்பதான் கோழி வெச்சது," என்றார் எதிர்வீட்டு ஸக்கரியா.

"லண்டனால செல்றாங்க."

"மௌத்தானது மாத்தளையில. இதுல லண்டனுக்கு என்ன?"

"ஸக்கரியா நானா, கெஞ்சிக் கேக்கிறேன். பத்து நிமிஷம்."

கத்தம் ஓதிய லெப்பை ஜமால்தீன் முதலில் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். சோறு பட்ட வலது கையை உயர்த்திப் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராக வீதிக்குப் போனார்கள். யட்டவத்தை பஸ் வேகத்தைக் குறைத்தது. கை உயர்த்திய அறுபது பேரைப் பார்த்து நடத்துனர் என்னவென்று சிங்களத்தில் கேட்டார். பரீட்சை என்றார் ஸக்கரியா. எல்லாருக்குமா என்றார் நடத்துனர்.

அன்ஸாப் ஹாஜியார் எழும்பவில்லை. அவருக்கு முழங்கால் வருத்தம். உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்க வேண்டும். தூக்க வேண்டியவர்கள் வீதியில் நின்றார்கள்.

"நான் கண்ண மூடிக்கிறேன்," என்றார்.

"மூடினா பத்தாது, ஹாஜியார்," என்று நப்லான் அவர் தலையில் ஒரு துவாயைப் போட்டான்.

நோனா வெளியே வந்தார். நாற்பது நாளுக்குப் பிறகு மண்டபத்தைப் பார்த்தார். சஹன்களைப் பார்த்தார். துவாய்க்குப் பக்கத்தில் நின்றார்.

"அன்ஸாப் நானா, சாப்பாடு எப்பிடி?"

"ஈரல் கறிக்கு உப்பு கொறவு," என்றது துவாய்.

"நான் செல்லித்தான் கொறச்சது. அவருக்குப் பிரஷர்."

மாமாவின் சாய்வுக்கதிரையில் யாரோ குடை ஒன்றை வைத்திருந்தார்கள். நோனா அதை எடுத்து மூலையில் சாத்தினார். பிறகு குசினியில் அடுப்படிக்குப் போனார்.

அங்கிருந்து அவருடைய ஆணை வந்தது. ஆண்கள் திரும்பி வரத் தேவையில்லை. வந்தால் பேசுவார்கள், பேசினால் லண்டனுக்குக் கேட்கும். சஹன்கள் வீதியைக் கடந்து ஸக்கரியாவின் லொறிக் கராஜுக்குப் போயின. லெப்பை அங்கேதான் கடைசி துஆவை ஓதினார். லொறிக்கும் பரக்கத் கிடைத்திருக்கும் என்றார் ஸக்கரியா. அன்ஸாப் ஹாஜியார் தன் இடத்திலேயே, சத்தம் போடாமல் மென்று முடித்தார்.

வினாத்தாள் திறந்தது. முதல் வினா: முதலாளி ஒருவர் ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து, "நாளை வராதே" என்கிறார். ஆலோசனை கூறுக.

ஜஸ்லா சிரித்தாள். திரையைப் பார்த்து எழுதுமாறு மார்கரெட் அறிவித்தார்.

நோனாவின் இத்தா முடிந்த வாரம் முடிவு வந்தது. ஜஸ்லா சித்தியடைந்திருந்தாள், பட்டம் கிடைத்தது. கூடவே கண்காணிப்பாளரின் அறிக்கையும் வந்தது. ரஜீவ் அதைத் தன் மேசையில் வைத்து இரண்டு முறை வாசித்தார்.

*பரீட்சார்த்தியின் அறை பரிசோதிக்கப்பட்டது. குளியலறையில் ஒருவர் இருந்தார். அவரது வேண்டுகோளின்படி கண்காணிப்பாளரின் அறையும் பரிசோதிக்கப்பட்டது. மேசைக்கு அடியில் யாரும் இல்லை. முறைகேடு எதுவும் இல்லை.*

"இது என்ன, ஜஸ்லா?"

"ரெண்டு பக்கத்தையும் விசாரிச்சிருக்காங்க, சேர்," என்றாள் ஜஸ்லா. "நாங்களும் இனி அப்பிடித்தான் செய்யணும்."

ரஜீவ் கண்டிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரே வசனம் சொல்லப் போனார். புதிய ஆளணி முகாமையாளர் கையை நீட்டித் தடுத்து, எழுத்தில் அனுப்பச் சொன்னாள்.

அன்று பின்னேரம் நோனா முன்வாசல் படியில் நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜஸ்லா செய்தியைச் சொன்னாள். நோனா அவள் தலையில் கை வைத்தார்.

"கோர்ட்டுக்கு எப்ப போற?"

"கோர்ட்டுக்கு இல்ல மாமி. ஆளுகள வேலையால நிப்பாட்ட முன்னுக்கு, என்ன நடந்ததுன்னு அவங்ககிட்டக் கேக்கணும். கேக்க வைக்கிறதுதான் என்ட வேல."

"கேக்கிறதா?"

"ஓம்."

நோனா யோசித்தார்.

"கேக்கிறதுக்கா நான் கக்கூஸுல இருந்தேன்?"