சுற்றும்போது தெரிகிற மார்க்கு

பொதட்டூர்பேட்டை லுங்கிக் கட்டுகளின் மேல் ஒட்டுகிற மார்க்குப் படங்களில் பாதி துளசிங்கம் வரைந்தவை. இரட்டைக் கிளி, கப்பல், மாம்பழம் என்று எதைக் கேட்டாலும் இரண்டே நாளில் வரைந்து கொடுத்துவிடுவான். திருத்தணியில் வெறும் துளசிங்கம் என்றால் யாருக்கும் தெரியாது, மார்க்கு துளசிங்கம் என்று கேட்க வேண்டும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் பட்டணத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜவுளி வியாபாரி பரசுராமன், திருத்தணியில் பிறந்தவர்தான். கிராமபோன் பிளேட்டுக் கம்பெனி ஒன்று ஆரம்பிக்கப் போகிறாராம். ஆடிக் கிருத்திகைக்குள் முதல் பிளேட்டு கடைக்கு வந்துவிட வேண்டும், அதன் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்துக்கு ஒரு மார்க்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்.

துளசிங்கம் யோசிக்கவே இல்லை. திருத்தணிக்காரன் வேறு எதை வரைவான்? தோகை விரித்த மயில் ஒன்றை வரைந்து தபாலில் சேர்த்தான். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. படம் அழகாக இருக்கிறது, ஆனால் மயில் ஏற்கெனவே வேறு ஒருவரிடம் இருக்கிறது, ரிஜிஸ்தர் பண்ணப் போனால் வம்பு வரும் என்று எழுதியிருந்தார் பரசுராமன். யார் யார் என்ன மார்க்கு வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார், அப்புறம் வரை என்று கடைசியில் ஒரு வரி.

அந்த வரிதான் அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவன் படம் திரும்பி வந்ததே இல்லை. மறுநாள் காலையில் ஒரு குயர் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனான்.

அங்கே வாஹித்தின் கடை. தையல் மிஷின், கடிகாரம், கிராமபோன் பெட்டி எல்லாம் ரிப்பேர் பார்ப்பான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. யுத்த காலத்தில் புதுப் பிளேட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், உடைந்தது, கீறல் விழுந்தது என்று எதையும் வாஹித் தூக்கிப் போடவில்லை. மூன்று மரப்பெட்டி நிறைய வைத்திருந்தான். துளசிங்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துப் படம் எழுதிக்கொண்டான். நாய், சிங்கம், சேவல், அன்னம், தாமரை, வீணை, பூகோளம், இறக்கை வைத்த குழந்தை. எழுத எழுத, உலகத்தில் உள்ள அத்தனையையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிளேட்டுக்கு நடுவில் ஓட்டை. அதற்குப் பயந்துகொண்டு எல்லாரும் படத்தை மேல் பாதியில் ஒதுக்கி வைத்து, பேரைக் கீழே போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், பழுது பார்த்த பெட்டி ஒன்றைப் பாட வைத்துப் பார்க்க வாஹித்தின் மனைவி ஃபரீதா வந்தாள். எந்தப் பெட்டி சரியாகப் பாடுகிறது என்று சொல்வதில் அவள் காதைத்தான் வாஹித் நம்புவான். கீழே பரப்பியிருந்த காகிதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தனை படம் எழுதிகினு இருக்கீங்களேண்ணா, பாட்டு பாடும்போது இதுல எது தெரியும்?" என்றாள்.

துளசிங்கத்துக்குப் புரியவில்லை. அவள் ஒரு பிளேட்டை வைத்துச் சாவி கொடுத்தாள். நாய் கரைந்து போயிற்று. அடுத்ததில் சிங்கம் போயிற்று. நடுவில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, அவ்வளவுதான்.

"பாட்டு வச்சா நான் அந்தக் கலரைத்தாண்ணா பாத்துகினு இருப்பேன். படமெல்லாம் நின்னப்புறம்தான்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். துளசிங்கம் எழுதின காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, ஊசி இல்லாத பழைய பெட்டி ஒன்றை வாஹித்திடம் கேட்டு வாங்கி வீட்டுக்குத் தூக்கிப் போனான்.

அதன்பின் ஒரு வாரம் வீட்டில் பாட்டே இல்லாமல் கிராமபோன் சுற்றியது. வரைவான், சுற்றுவான், கிழிப்பான். பூ வரைந்தால் சேறாயிற்று. நட்சத்திரம் வரைந்தால் சாம்பலாயிற்று. அவன் மனைவி சந்திரா ஆறு நாள் பொறுத்தாள், ஏழாம் நாள் தலை சுற்றுகிறது என்று பெட்டியை மூலையில் திருப்பி வைத்தாள். மறுநாள் மாசக் கிருத்திகை. மலைக்குப் போய்வரலாம் வா என்று அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

தரிசனம் முடிந்து இறங்குகிற வழியில், மேல் மண்டபத்தில் சந்திரா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். கீழே மேளச்சத்தம் கேட்டது. யாரோ கோயிலுக்குப் புதுக்குடை காணிக்கை கொண்டுவருகிறார்கள். சிவப்புப் பட்டு, ஓரத்தில் வெள்ளை ஜாலர். குடை பிடித்தவன் நாயனத்துக்குத் தகுந்தபடி காம்பைச் சுழற்றிக்கொண்டே படியேறி வந்தான். கீழே நின்று பார்க்கிறவனுக்குக் குடையின் உள்பக்கம்தான் தெரியும். மேலே துளசிங்கம் நின்ற இடத்திலிருந்து அதன் வெளிப்பக்கம் முழு வட்டமாகத் தெரிந்தது. சிவப்பு வட்டம், வெள்ளை விளிம்பு, நடுவில் கலசம் ஒரு புள்ளி.

குடை அவர்களைத் தாண்டிப் போனபின்னும் அவன் அசையவில்லை. சந்திரா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

இந்தத் தடவை தபாலில் அனுப்பவில்லை. பரசுராமன் ஊருக்கு வந்தபோது வாஹித் கடைக்கே அழைத்துப் போனான். உச்சிக் கலசம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை வருகிற மாதிரி குடையை வரைந்து, கம்பிகளுக்குக் கோடு போட்டு, பழைய பிளேட்டு ஒன்றில் ஒட்டி வைத்திருந்தான். பரசுராமன் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தெளியவில்லை. ஃபரீதா அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். சுற்ற ஆரம்பித்ததும் கம்பிகள் மறைந்து, சிவப்பும் வெள்ளையும் மட்டும் அலுங்காமல் நின்றன. பாட்டு முடிகிறவரை பரசுராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல சின்னதா ஒரு வேல் போட்டுடேன்" என்றார் கடைசியில்.

"போட்டா சுத்தும்போது அழுக்கு மாதிரி ஆயிடுங்க" என்றான் துளசிங்கம். பெரிய மனிதரிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. காது மடல் சுட்டது.

பரசுராமன் இன்னொரு தடவை சுற்றச் சொன்னார். பிறகு, "ஆங், இப்படியே இருக்கட்டும்" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால் பிளேட்டு வந்தது. கிருத்திகையன்று துளசிங்கம் கடைவீதியில் தற்செயலாக நிற்கிறவன் போல நின்றுகொண்டிருந்தான். நகரி பக்கத்திலிருந்து காவடியோடு வந்த ஒருவர் கடைக்காரரிடம், "அந்த சாத்துக்குடி மார்க்கு பிளேட்டு குடுங்க" என்றார். கடைக்காரரும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

துளசிங்கத்துக்குத் தாங்கவில்லை. கிட்டே போய், அது சாத்துக்குடி இல்லை, மேலே இருந்து பார்த்த சாமி குடை என்றான். அவர் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருக்கலாம், ஆனால் கோடெல்லாம் நறுக்கின சாத்துக்குடிச் சுளை மாதிரி இருக்கிறது, வீட்டிலும் சாத்துக்குடி என்றுதான் கேட்டு அனுப்பினார்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சந்திராவிடம் அதைச் சொன்னான். அவள் முறத்திலிருந்து தலை நிமிராமல் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியுது? உள்ளத சொல்லு" என்றான்.

"மொத நாளே எனக்கு அப்படித்தான் தோணுச்சு. நீ இவ்ளோ சந்தோஷமா இருந்தியே, எதுக்கு சொல்றதுன்னு உட்டுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்றுதான் நினைத்தான். வந்தது சிரிப்பு. அவளும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.