மீசை முளைக்காத குட்டி

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்திய வேகத்தில், பின்சீட்டில் இருந்த நாய் வாஃபிள் உருண்டு கீழே விழுந்தது. "நீ இங்கேயே இரு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு மார்லிஸ் இறங்கினாள். லீலண்ட் வழியெல்லாம் 'விட்டுடு, விட்டுடு' என்று கெஞ்சிக் களைத்திருந்தான்.

அமெரிக்காவின் அயோவாவில் அந்த வட்டாரத்துக்கே, முடி கொட்டும் லேப்ரடார் நாயையும் கொட்டாத பூடில் நாயையும் கலந்து குட்டி விற்பவள் ஆர்டிஸ். ஐந்து மாதம் முன்பு லீலண்ட் தனியாக வந்து எடுத்துப்போன குட்டிதான் வாஃபிள். சுருட்டை முடி வரும், ஒரு மயிர் உதிராது, ஆஸ்துமாக்காரனுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது என்று ஆர்டிஸ் சொன்னதாகச் சொன்னான். செம்பழுப்பு வெளுத்துப் பாலாடை நிறமானதை மார்லிஸ் பொறுத்துக்கொண்டாள். நிறம் யார் நெஞ்சையும் அடைக்காது. ஆனால் முடி? சோபா, தலையணை, சூப் கிண்ணம் என்று ஒன்று பாக்கியில்லை. போன வாரம் லீலண்ட் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போய் வந்தாயிற்று.

"வாய் கூசாம பொய் சொல்லி வித்தியே, என் புருஷன் செத்தா நீயா வந்து பதில் சொல்லுவே?"

ஆர்டிஸ் பதிலுக்குக் கத்தவில்லை. எட்டு வாரக் குட்டிகள் இரண்டைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். ஒன்றுக்குக் கிழவனைப் போல மீசையும் தாடியும். மற்றதன் முகம் வழவழவென்றிருந்தது.

"பாத்துக்க. இந்த வயசுல மூஞ்சியப் பாத்தாலே போதும். மீசை வந்தா முடி கொட்டாது. மொழுக்குன்னு இருந்தா கொட்டித் தள்ளும். உன் நாய் மொழுக்கு மூஞ்சி. 'இது வேணாம்யா, உனக்கு ஆகாது'ன்னு அன்னிக்கே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உன் புருஷன்கிட்டதான். அது அவர் பூட்ஸ் மேல படுத்துத் தூங்கிடுச்சு. இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். கொட்டும்னு தெரிஞ்சே எடுக்கறேன்னு கையெழுத்து போட்டுக் கொடுத்தார். காட்டட்டுமா?" ஆர்டிஸின் குரல் தணிந்தது. "நான் வித்த நாய் எதுவானாலும் எப்ப வேணாலும் திரும்ப எடுத்துக்குவேன். அது வேற விஷயம்."

மார்லிஸ் காகிதத்துக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தாள். லீலண்ட் நாயை மடியில் வைத்து, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தான்.

"உனக்குத் தெரியும்."

"ஆறு வயசுலேர்ந்து நாய் கூடாது, நாய் கூடாதுன்னு எல்லாரும் சொல்லக் கேட்டாச்சு, மார்லி. அம்பத்தெட்டு ஆச்சு. இன்னும் எப்பத்தான்?"

"ஆஸ்பத்திரில மூணு மணி நேரம் உக்காந்து அந்தப் பொம்பளைய வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ கட்டில்ல படுத்துக்கிட்டுத் தலையாட்டினே! நீ போய்ச் சேந்தா எனக்கு யாருடா இருக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் ஏதோ சொல்ல வந்து இருமினான். இருமல் நிற்கவில்லை.

அவ்வளவு கோபம் அவளுக்கு ஆயுளில் வந்ததில்லை. நாயின் வாரைப் பிடுங்கிக்கொண்டு ஆர்டிஸின் வீட்டைப் பார்த்து நடந்தாள். வாஃபிள் வாலாட்டிக்கொண்டே கூடப் போனது. "மார்லி! மார்லி!" என்று பின்னால் குரல் வந்தது. அவள் அழுதுகொண்டே நடந்தாள், திரும்பவில்லை.

ஓடிவந்து தடுக்க அவனிடம் மூச்சு இல்லை.